தாழ்மையாக விலகிக்கொண்டேன், அதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை

மண்பாண்டம் (இழையைத் தொடங்கியவர்)

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் முதலில் சிரித்தேன், அப்புறம்தான் சுருக்கென்றது.

எங்கள் சபையில் 11 வருடம் பாடல் நடத்தினேன். ஒரு தம்பி நன்றாகப் பாடுகிறான் என்று போன வருடம் பொறுப்பை அவனிடம் விட்டுவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்ற யோவான் 3:30தான் அப்போது மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உள்ளே ஒரே எரிச்சல். ஏன் என்று தோண்டிப் பார்த்தால், நான் எவ்வளவு தாழ்மையாக ஒதுங்கிக்கொண்டேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்பதுதான் காரணம். லூக்கா 14இல் தாழ்ந்த இடத்தில் போய் உட்காரச் சொல்கிறார் அல்லவா, வீட்டுக்காரர் வந்து "சிநேகிதனே, உயர்ந்த இடத்தில் வாரும்" என்று கூப்பிடுவார் என்று? அந்தக் கூப்பாட்டுக்காகத்தான் நான்கு மாதமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

என் கேள்வி இதுதான். பிலிப்பியர் 2:7 "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்கிறது. எபேசியர் 3:19 "தேவனுடைய சகல பரிபூரணத்தாலும்" நிறையப்படுவதைப் பற்றிப் பேசுகிறது. வெறுமையானால் நிறைவு வரும் என்றுதான் இத்தனை வருடம் கேட்டு வளர்ந்தேன். நானும் வெறுமையானேன், ஆனால் வந்து நிறைந்தது எரிச்சல். எங்கே தப்பு?

ஜெபவீரன்77

பிரதர், சுயம் இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான். "கிறிஸ்துவுடனேகூடச் சிலுவையிலறையப்பட்டேன்" என்கிற கலாத்தியர் 2:20ஐ தினமும் அறிக்கை செய்யுங்கள். "நானோ ஒரு புழு, மனுஷனல்ல" என்று தாவீதே சொன்னார். நாம் ஒன்றுமில்லை என்பதை முழுமனதாக ஏற்றுக்கொண்டால் எரிச்சலுக்கு இடமே இருக்காது. புழுவுக்கு எரிச்சல் வருமா?

எதிர்க்கேள்வி

மிதித்தால் நெளியும், வீரரே.

சரி, விளையாட்டை விடுகிறேன். சங்கீதம் 22:6ஐத் தாழ்மைக்கு மாதிரியாக எடுப்பது எனக்கு ஒத்துவரவில்லை. வசனத்தை முழுதாக வாசியுங்கள்: "மனுஷரால் நிந்திக்கப்பட்டும், ஜனங்களால் அவமதிக்கப்பட்டும் இருக்கிறேன்." பணிவாக இருப்பவன் பேசுகிற பேச்சா இது? நான்கு பேர் சேர்ந்து நசுக்கியவனுடைய அழுகை. எட்டாம் சங்கீதத்துக்கு வாருங்கள், அங்கே கடவுள் மனிதனை மகிமையினாலும் கனத்தினாலும் முடிசூட்டுகிறார். அவர் சூட்டியதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு அதற்குத் தாழ்மை என்று பேர் வைத்துக்கொள்ள நாம் யார்?

கொலோசெயர் 2:23இல் பவுல் "மாயமான தாழ்மை" என்று ஒரு சொல்லைப் போடுகிறார். அப்படி ஒன்று இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது.

ஏடு

மண்பாண்டம் ஐயா, உங்கள் சிக்கலில் பாதி இலக்கணச் சிக்கல் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் இப்படி ஓடுகிறது: "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்." தமிழில் வினையெச்சங்களை அடுக்கினால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது போலத்தான் காதில் விழும். குளித்து, உடுத்தி, கிளம்பினார் என்பது மாதிரி. அதனால் முதலில் வெறுமையாக்கினார், பிறகு அடிமையின் உருவை எடுத்தார் என்று இரண்டு வேலைகளாகப் புரிந்துகொள்கிறோம்.

கிரேக்கத்தில் அமைப்பு வேறு. அங்கே முற்றுவினையாக நிற்பது 'எகெனோசென்', அதாவது வெறுமையாக்கினார். 'எடுத்து' என்பது அதை ஒட்டி வந்து, எப்படி வெறுமையாக்கினார் என்று சொல்கிறது. அடிமையின் உருவை எடுத்ததே வெறுமையாக்கியது. எதையோ கழற்றி வைத்துவிட்டு வெறும் ஆளாக நின்றார் என்றில்லை, ஒன்றைக் கூடுதலாக ஏற்றுக்கொண்டார். கணக்கில் பார்த்தால் அது கூட்டல், கழித்தல் கிடையாது.

19ஆம் நூற்றாண்டில் கோட்ஃப்ரீட் தொமாசியுஸ் என்ற ஜெர்மன் லுத்தரன் இறையியலாளர் கழித்தலாகத்தான் எடுத்துக்கொண்டார். கிறிஸ்து மனிதனாக வந்தபோது எல்லாம் வல்ல தன்மை, எல்லாம் அறியும் தன்மை, எங்கும் இருக்கும் தன்மை மூன்றையும் விட்டுவிட்டு, அன்பு, பரிசுத்தம் போன்றவற்றை வைத்துக்கொண்டார் என்பது அவர் வாதம். 'கெனோசிஸ் கொள்கை' (வெறுமையாக்கல் கொள்கை) என்று பெரிய சண்டையே நடந்தது. 451இல் கூடிய கல்செதோன் திருச்சபைச் சங்கமோ கிறிஸ்து முழுக் கடவுள், முழு மனிதன், இரண்டு இயல்பும் குறைவில்லாமல் என்று எப்போதோ சொல்லிவைத்திருந்தது.

நமக்கு இதில் என்ன என்றால், நீங்கள் விலகினீர்கள், ஆனால் எந்த உருவை எடுத்தீர்கள்?

ஜெபவீரன்77

இந்தக் கிரேக்கம் எல்லாம் மீன்பிடிக்காரரான பேதுருவுக்குத் தெரியுமா பிரதர்?

ஏடு

கிரேக்கத்தில் எழுதிய பவுலுக்குத் தெரிந்திருந்ததே, அது போதாதா?

கார்மேல்

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. அதற்கு முந்தைய வசனத்தில், தேவனுக்குச் சமமாயிருப்பதைப் பற்றிப் பழைய மொழிபெயர்ப்பில் "கொள்ளையாடின பொருளாக எண்ணாமல்" என்று வரும் இடம், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் "வலிந்து பற்றிக்கொண்டிருக்க வேண்டியதொன்றாகக் கருதவில்லை" என்று இருக்கிறது. முதலாவதை வாசித்த காலத்தில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை, கடவுள் எதைக் கொள்ளையடிப்பார்? இரண்டாவதை வாசித்தபோது ஒரு கை கண்முன் வந்தது. இறுக்கி மூடிய கை, திறந்த கை. ஆதியாகமத்தில் ஆதாமும் ஏவாளும் தேவர்களைப்போல் ஆகலாம் என்று பழத்தைப் பறிக்கிறார்கள். இங்கே உண்மையிலேயே சமமாக இருப்பவர் இறுக்கிப் பிடிக்கவில்லை.

வெறுமை என்றதும் நான் ஒரு காலி அறையை நினைத்துக்கொள்வேன். இப்போது அந்தத் திறந்த கைதான் நினைவுக்கு வருகிறது. அதில் பொருள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

மார்த்தாள்

நான் பொதுவாக வாசிப்பதோடு சரி, இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது.

இந்த வசனத்தை வைத்து என்னை எத்தனை பேர் வாயடைத்திருக்கிறார்கள் தெரியுமா? பெயர் ஊர் எல்லாம் வேண்டாம். ஓர் ஊழியத்தில் கணக்கு வழக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செலவு ஏன் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டதற்கு வந்த பதில், "சிஸ்டர், கிறிஸ்துவின் சிந்தை வேண்டும், தாழ்மை வேண்டும்." பிறகு நான் எதைக் கேட்டாலும் அதே வசனம். கடைசியில் நான் வெளியே வந்தேன், அந்தக் கணக்கு அப்படியே கிடக்கிறது.

அதனால் நான் முதலில் பார்ப்பது "தம்மைத்தாமே" என்ற சொல்லைத்தான். அவரை வேறு யாரும் வெறுமையாக்கவில்லை, அவரே செய்தார். மேலே இருப்பவன் கீழே இருப்பவளைப் பார்த்து "உன்னை வெறுமையாக்கு" என்று சொல்ல இந்த வசனத்தில் இடமே கிடையாது. அது பறிப்பு, கார்மேல் சொன்ன அந்த மூடிய கை.

வாலரி சேவிங் என்ற அமெரிக்க இறையியலாளர் 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். பாவத்தின் வேர் ஆணவம் என்று இறையியல் சொல்வது பெரும்பாலும் ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்தது, பல பெண்களின் சோதனை நேர் எதிர்ப் பக்கம், அதாவது தன்னை வளர்த்துக்கொள்ளாமலே பிறருக்குள் கரைந்து காணாமல் போவது என்று அவர் வாதிட்டார். ஆணவக்காரனுக்கு எழுதிக்கொடுத்த மருந்தை ஏற்கெனவே நசுங்கிக் கிடப்பவளுக்கும் கொடுத்தால் என்ன ஆகும்?

எதிர்க்கேள்வி

மார்த்தாள் அக்கா, இதை முன்பே எழுதியிருக்கக் கூடாதா?

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிலிப்பி சாதாரண ஊர் கிடையாது. கி.மு. 42இல் அங்கே நடந்த பெரும் போருக்குப் பிறகு ரோமப் படைவீரர்களைக் குடியமர்த்திய காலனி. குடியுரிமை, பட்டம், பதவி இவைதான் அங்கே பேச்சு. ஏறிய ஒவ்வொரு பதவியையும் வரிசையாகக் கல்லில் செதுக்கி வைத்துக்கொண்ட சமூகம். அந்த ஊர்ச் சபைக்குத்தான் பவுல் படிப்படியாகக் கீழே இறங்குகிற ஒருவரைப் பற்றி எழுதுகிறார், அடிமை வரைக்கும், அப்புறம் அடிமைகளுக்கான தண்டனை என்று பேர்பெற்ற சிலுவை வரைக்கும்.

ஆனால் அப்போஸ்தலர் 16இல் அதே பவுல் அதே ஊரில் என்ன செய்தார்? விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் ரகசியமாகப் போகச் சொன்னார்கள். "அப்படியல்ல, அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்று அசையாமல் உட்கார்ந்துவிட்டார். ரோமக் குடியுரிமையை மேசைமேல் தூக்கி வைத்தார். அதிகாரிகள் வந்து கெஞ்சிய பிறகுதான் எழுந்தார்.

பிரதான ஆசாரியன் முன்னால் இயேசுவை ஒரு சேவகன் அறைந்தபோது, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். யோவான் 18:23. கேள்வி கேட்பது தாழ்மைக்கு விரோதம் என்றால் இந்த இரண்டு இடங்களையும் கிழித்துத்தான் எறிய வேண்டும்.

நடுநிசி

நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் இழை ஒரு பக்கமாகச் சாய்கிறதோ என்று பயம். உரிமையைக் கேட்பது சரி என்று நிறுவிவிட்டு எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம் போலிருக்கிறது. மண்பாண்டம் சொன்ன எரிச்சல் என்னிடமும் இருக்கிறது, அதற்கு ரோமக் குடியுரிமை மருந்தாகாது.

நான்காம் நூற்றாண்டு எகிப்தியப் பாலைவனத் துறவிகளின் கதைகள் எனக்குப் பிடிக்கும். மக்காரியுஸிடம் பிசாசு வந்து புலம்பியதாம்: நீ உபவாசிக்கிறாய், நான் சாப்பிடுவதே இல்லை. நீ கண்விழிக்கிறாய், நான் தூங்குவதே இல்லை. ஒன்றில்தான் என்னை ஜெயிக்கிறாய். எதில் என்று கேட்டால், உன் தாழ்மையில் என்று பதில்.

இன்னொன்று கறுப்பு மோசே. முன்னாள் கொள்ளைக்காரர், பிறகு அதே பாலைவனத்தில் துறவி. தப்பு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கச் சபை கூடுகிறது, இவரையும் கூப்பிடுகிறார்கள். வரவில்லை. ஆள் அனுப்பியதும், ஓட்டைக் கூடையில் மணலை நிரப்பி முதுகில் சுமந்துகொண்டு வருகிறார். என்ன இது என்றால், "என் பாவங்கள் எனக்குப் பின்னால் சிந்திக்கொண்டே வருகின்றன, எனக்குத் தெரியவில்லை. நான் இன்னொருவனை நியாயந்தீர்க்க வந்திருக்கிறேன்" என்கிறார். அந்தச் சகோதரனை மன்னித்துவிட்டார்கள்.

பாருங்கள், மோசே தன்னைப் புழு என்று சொல்லவில்லை. தன்னைப் பற்றிய ஒரு தகவலைச் சொன்னார், அதனால் இன்னொருவன் தப்பித்தான்.

ஜெபவீரன்77

நடுநிசி பிரதர், இது என்னைத் தொட்டது. நன்றி.

புழு விஷயத்தை நான் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெறுமை தேவையில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2 இராஜாக்கள் 4, விதவையின் எண்ணெய். எலிசா வெறும்பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார். கடைசிப் பாத்திரம் நிறைந்ததும் எண்ணெய் நின்றுபோயிற்று. எண்ணெய் குறைந்து நிற்கவில்லை, வெறும்பாத்திரம் தீர்ந்துதான் நின்றது. இதை யாரும் மறுக்க முடியாது.

கார்மேல்

மறுக்கவில்லை, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். ஆனால் அந்தப் பாத்திரங்கள் அவளுடையவை இல்லையே, அயல்வீடுகளில் கேட்டு வாங்கியவை. எண்ணெயையும் அவள் குடத்தில் வைத்து அழகு பார்க்கவில்லை, விற்றுக் கடனைத் தீர்த்தாள். மீதியை வைத்துப் பிள்ளைகளோடு பிழைக்கச் சொல்கிறார் எலிசா.

வெறுமைக்கு இன்னொரு பக்கமும் வேதத்தில் உண்டு. மத்தேயு 12:44. அசுத்த ஆவி திரும்பி வந்து பார்க்கிறது, வீடு "வெறுமையாகவும் பெருக்கி ஜோடிக்கப்பட்டதாகவும்" இருக்கிறது. தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு குடியேறுகிறது. சுத்தமான, காலியான வீடுதான் அது. தப்பு என்னவென்றால் உள்ளே யாருமில்லை. வெறுமை தன்னாலே புண்ணியமாகிவிடாது.

மண்பாண்டம் ஐயா, உங்களுடைய எரிச்சலும் அப்படிக் குடியேறியதுதானோ?

மண்பாண்டம்

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. ஏடு கேட்ட கேள்வி தூங்கவிடவில்லை. "விலகினீர்கள், எந்த உருவை எடுத்தீர்கள்?"

எதையும் எடுக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என்னிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தச் சுருதி சபைக்கு வசதி, எந்தச் சரணத்தில் வேகம் குறையும், எதில் பெண்கள் குரலை முதலில் விட வேண்டும் என்று 11 வருடமாக எழுதியது. தம்பி ஒருமுறை கேட்டான். "தேடிப் பார்க்கிறேன்" என்றேன். தேட வேண்டிய அவசியமே இல்லை, மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

அவன் சுருதி தவறும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம். எழுதவே கூசுகிறது.

மார்த்தாள்

ஐயா, இதை எழுதியதற்குத் தைரியம் வேண்டும்.

இடத்தை விட்டீர்கள், குறிப்பேட்டை விடவில்லை. சிலர் பதவியை ராஜினாமா செய்துவிட்டுச் சாவியை வைத்துக்கொள்வார்கள், அந்த மாதிரி.

எதிர்க்கேள்வி

அக்கா நறுக்கென்று சொல்லிவிட்டார். நான் வேறு பக்கம் போகிறேன். எது முதலில் என்பதுதான் என் சந்தேகம். வெறுமையானால் நிறைவு என்கிறோம். நம் ஊர்ப் பழமொழி தலைகீழாக இருக்கிறதே: நிறைகுடம் தளும்பாது. நிறைந்திருப்பதால்தான் அது அடங்கியிருக்கிறது. வள்ளுவரும் பணிதல் எல்லார்க்கும் நன்று, அவருள்ளும் "செல்வர்க்கே செல்வம் தகைத்து" என்கிறார். இருப்பவனிடம்தான் பணிவு எடுபடும் என்பது போல.

ஏடு

யோவான் 13இல் இதற்குப் பதில் இருக்கிறது. பாதம் கழுவிய கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் மூன்றாம் வசனத்தைத் தாண்டி ஓடிவிடுகிறோம். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்ததையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், தேவனிடத்திற்குப் போகிறதையும் "இயேசு அறிந்து" எழுந்தார், வஸ்திரங்களைக் கழற்றிவைத்தார், சீலையை அரையிலே கட்டிக்கொண்டார். எல்லாம் தம் கையில் இருக்கிறது என்று தெரிந்த அடுத்த நிமிடம் அந்தக் கை அழுக்குப் பாதத்தைத் தொடுகிறது. தான் யார் என்று தெரியாமல் குனியவில்லை, தெரிந்துதான் குனிந்தார். அதனால் யார் பார்க்கிறார்கள் என்று கவனிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

நிறைவு கிடைக்கும் என்று வெறுமையாவது வியாபாரம். கிடைத்துவிட்டது என்பதால் கையைத் திறப்பதுதான் பவுல் சொல்வது என்று நினைக்கிறேன். கொலோசெயர் 2:10இல் அவர் "பரிபூரணமுள்ளவர்களாயிருக்கிறீர்கள்" என்று நிகழ்காலத்தில்தான் எழுதுகிறார்.

நடுநிசி

இங்கே மட்டும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை, ஏடு. பிலிப்பியர் 2:9 "ஆதலால்" என்று தொடங்குகிறது. தாழ்த்தினார், ஆதலால் தேவன் அவரை எல்லாவற்றிற்கும் மேலாக உயர்த்தினார். அந்தச் சொல்லை எங்கே வைப்பீர்கள்?

ஏடு

நல்ல இடி. "ஆதலால்" இருக்கத்தான் செய்கிறது. உயர்த்துகிற வேலை பிதாவுடையது, மகன் அதைக் கணக்கில் வைத்து இறங்கியதாக அந்தப் பகுதியில் எங்கேயும் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

கார்மேல்

ஆறாம் நூற்றாண்டுத் துறவி பெனடிக்ட் தம் துறவற விதிமுறையின் ஏழாம் அதிகாரத்தில் தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகள் வைக்கிறார். யாக்கோபு கண்ட ஏணி அது, தாழ்த்துவதால் ஏறுகிறோம், உயர்த்துவதால் இறங்குகிறோம் என்கிறார். ஏழாவது படியில், எல்லாரிலும் தான் கீழானவன் என்று வாயால் சொன்னால் போதாது, மனதாலும் நம்ப வேண்டும் என்று வரும். எனக்கு அந்தப் படி எப்போதுமே இடறும். மார்த்தாள் சொன்னதை வாசித்த பிறகு இன்னும் கூடுதலாக.

ஆயிரம் வருடம் கழித்து வந்த ஸ்பானியத் துறவி அவிலாவின் தெரேசா இதைச் சுலபமாக்கிவிட்டார். ஆண்டவர் ஏன் தாழ்மையை இவ்வளவு விரும்புகிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பதில் கிடைத்தது: கடவுளே உண்மை, தாழ்மை என்பது உண்மையில் நடப்பது. இருப்பதை இருப்பதாகச் சொல்வது. பாட வருகிறதென்றால் வருகிறது, கணக்குத் தெரியுமென்றால் தெரியும், இழுப்பறையில் இருக்கிறதென்றால் இருக்கிறது.

எதிர்க்கேள்வி

கடைசி வரியில் ஐயாவை இப்படிக் குத்தியிருக்க வேண்டாம்.

மண்பாண்டம்

இல்லை, பரவாயில்லை. வலித்தது, ஆனால் சரியான இடத்தில்தான்.

மட்டுறுத்துநர்

தொமாசியுஸ், கல்செதோன் பற்றி வந்த 14 பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். சண்டையை அங்கே தொடருங்கள். இங்கே மண்பாண்டம் ஐயாவின் கேள்வி மட்டும்.

மண்பாண்டம்

கடைசியாக ஒரு செய்தி. சனிக்கிழமை பயிற்சிக்குப் போனேன். தம்பியிடம் குறிப்பேட்டைக் கொடுத்தேன். "தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னது பொய், கையிலேயே இருந்தது" என்றும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் குறிப்பேட்டைக் கொடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதில் பாதி உங்கள் கையெழுத்து புரியவில்லை, உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்" என்றான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். நடுவில் இரண்டு பாட்டுக்கு நான் எழுதிய சுருதி தப்பு என்று பாடிக் காட்டினான். ஒன்றில் அவன் சொன்னது சரி. இன்னொன்றில் நான்தான் சரி, அதையும் சொன்னேன்.

பரிபூரணம் ஏதும் வந்து நிறைந்ததா என்று கேட்டால் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பாடிக்கொண்டு வந்தேன், அது ஞாபகம் இருக்கிறது.

கொடுப்பதற்கு முன் நகல் எடுத்து வைத்துக்கொண்டேனா என்று எதிர்க்கேள்வி கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எடுத்தேன்.